வருவேன் என்று சொன்னவன்

வெர்லின் டக்கெட் அமெரிக்காவில் பத்தொன்பது வருஷமாக லூயிவில் அணிக்கு ஆள் பார்க்கிறார். கல்லூரி கல்லூரியாகப் போய், தலையில் கவசமும் தோளில் பட்டையும் கட்டிக்கொண்டு மோதுகிற கால்பந்துப் பையன்களை மைதானத்து ஓரமாக நின்று பார்ப்பார். உயரம் எத்தனை, எடை எத்தனை, விழுந்தால் உடனே எழுந்திருக்கிறானா, தோற்ற அன்றைக்கு யாரிடம் எரிந்து விழுகிறான் என்பதையெல்லாம் எழுதி அனுப்புவார். அத்தனை வருஷத்தில் ஒருவனுடைய உயரத்தைக்கூட அவர் அரை அங்குலம் கூட்டி எழுதியதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் போன நவம்பரில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

நெப்ராஸ்காவில் நானூறு பேர் வசிக்கிற ஓர் ஊர். அங்கே ஓரின் ஹவெல்கா என்ற தடுப்பாட்டக்காரனின் வீட்டில் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். ஆறடி ஐந்தங்குலம் இருப்பான். பந்தை எறிகிறவனை எதிராளி நெருங்காதபடி மறித்து நிற்பது அவன் வேலை. பையன் கல்லூரியில் இருந்தான். வீட்டில் அவன் அம்மா டார்லீன் மட்டும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். சுற்றி வளைக்காமல் பேசுவாள். தட்டில் காரமான பீன்ஸ் குழம்பும் பக்கத்தில் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டாள்:

"டக்கெட் சார், சும்மா பூசி மெழுகாதீங்க. ஏப்ரல்ல டீமுக்கெல்லாம் ஆள் எடுக்கறப்ப எம் பையன் பேரை வாசிப்பாங்களா, மாட்டாங்களா?"

"பேர் வாசிக்கலேன்னாலும் அப்புறமா ஏதாவது ஒரு டீம் போன் பண்ணிக் கூப்பிட்டுக்கும், டார்லீன். ஆடறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"எனக்கு ஒண்ணு இல்லை. இருபது வருஷமா இந்த ஊர்ப் பிள்ளைங்க அத்தனை பேர் பேரையும் காலையில நான்தான் பஸ்ல வாசிக்கிறேன். எம் பிள்ளை பேரை ஒரே ஒரு தடவை வேற யாராவது, ஊரே கேக்கற மாதிரி வாசிக்கணும். வருமா?"

"வரும்" என்று சொல்லிவிட்டார். ஆள் பார்க்கிற எவனும் சொல்லக் கூடாத வார்த்தை. ரொட்டி நன்றாக இருந்தது, அந்த அம்மாளின் முகம் அப்படி இருந்தது, வாய் முந்திக்கொண்டது. சொன்னதோடு நின்றாரா? அதுவும் இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவர், திரும்பி வந்து தொழில் ரகசியத்தையும் சொல்லிவிட்டு வந்தார்.

"ஆள் எடுக்கற கடைசி நாள் நாலஞ்சு டீம் போன் பண்ணும். 'உன் பேர் வரலேன்னா எங்ககிட்ட வருவியா?'ன்னு கேப்பாங்க. சரின்னு மட்டும் சொல்ல வேணாம்னு சொல்லுங்க. யோசிக்கணும்னு சொல்லட்டும். எவன் உடனே வரேங்கறானோ அவன் பேரை எவனும் வாசிக்க மாட்டான்."

"ஏன்?"

"தானா வர்றவனுக்கு எதுக்கு ஒரு வாய்ப்பைச் செலவு பண்ணணும்?"

"நல்லா இருக்கு உங்க நியாயம்" என்றாள் டார்லீன்.

அந்த ஏப்ரல் வந்துவிட்டது. முப்பத்திரண்டு அணிகளும் முறை வைத்துக் கல்லூரிப் பையன்களைப் பொறுக்குகிற மூன்று நாளில் கடைசி நாள், சனிக்கிழமை. மொத்தம் ஏழு சுற்று. முதல் சுற்றுக்குப் பாட்டு, விளக்கு, கட்டிப்பிடித்து அழுகை எல்லாம் உண்டு. ஏழாம் சுற்றுக்குத் தொலைக்காட்சிக்காரனே கொட்டாவி விடுவான். லூயிவில் அணியின் அறையில் பத்துப் பதினைந்து பேர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேசை ஓரத்தில் மத்தியானம் வந்த பன்றி இறைச்சித் தட்டு ஆறிக் கிடந்தது. சுவர் முழுக்கக் காந்தத் தகடுகள். தகட்டுக்கு ஒரு பெயர்.

அந்த அணியில் ஒரு வழக்கம். ஆள் பார்க்கிறவர் ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒரே ஒரு சிவப்பு வட்டம். யாருக்காகத் தன் பெயரையே பணயம் வைப்பாரோ அவன் தகட்டில் அதை ஒட்டலாம். வெர்லின் இதுவரை வட்டம் ஒட்டிய பதினெட்டுப் பேரில் ஒருவன் பெயர்கூட வாசிக்கப்பட்டதில்லை. பத்தொன்பதாவது வட்டம் ஓரின் ஹவெல்காவின் தகட்டில் இருந்தது.

பொது மேலாளர் ஹார்லன் ப்ரூயிட்டுக்கு வெர்லினைவிடப் பத்து வயது குறைவு. குரலை உயர்த்தாத ஆள். கடைசிச் சுற்றுகளுக்கு அவரிடம் ஒரு கணக்கு உண்டு. எல்லாவற்றிலும் சுமாரானவன் வேண்டாம். ஏதாவது ஒன்றிலாவது அசாத்தியமானவன் வேண்டும், மீதியைக் கற்றுக்கொடுக்கலாம் என்பார். அப்படித்தான் ஐந்தாம் சுற்றில் ஒரு முரட்டு உதைகாரனையும், ஆறில் ஒரு நீளக் கைக்காரனையும் எடுத்தார்கள். இப்போது ஏழாம் சுற்றில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. சுவரில் சிவப்பு வட்டத்தோடு இரண்டு தகடுகள்.

இன்னொரு வட்டம் ரெனே கிட்ரி ஒட்டியது. அவரும் ஆள் பார்க்கிறவர். லூயிசியானாக்காரர், வாய் ஓயாது. அவர் பார்த்துவைத்த பையன் டெமெட்ரிக் லாண்ட்ரி பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால் காற்றுதான் பின்னால் வரும்.

"யோவ் வெர்லின், உன் பையனுக்கு ஒரு வேலி வாங்கிக் கொடுத்துரலாம்யா. அதுவும் ஒரே இடத்துலதான் நிக்கும்" என்றார் கிட்ரி.

"உன் பையன் பந்தைப் பிடிச்சாத்தானே ஓடறதுக்கு? அதை முதல்ல சொல்லிக்கொடு."

"பிடிப்பான், பிடிப்பான். பத்துல ஆறு."

"மிச்சம் நாலை யாரு பிடிக்கறது, உங்க பாட்டனா?"

அறை சிரித்தது. ப்ரூயிட்டும் சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு பேருமே எனக்குப் பிடிச்சிருக்கு. நமக்கு முன்னாடி இன்னும் நாலு டீம் இருக்கு. வழக்கம்போலச் செய்வோம். ஆளுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க. எவன் நழுவுவானோ அவனை எடுப்போம். வர்றேங்கறவனை அப்புறம் கூப்பிட்டுக்கலாம்" என்றார்.

வெர்லினுக்கு உள்ளுக்குள் ஒரு தைரியம். பையனின் அம்மாவிடம் சொல்லிவைத்தாயிற்று. அவள் மறக்கிற ரகம் இல்லை. கைபேசியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார்.

முதல் மணியிலேயே எடுத்தான் ஓரின். பின்னால் ஒரே இரைச்சல். ஊரே தீயணைப்பு வண்டிக் கொட்டகையில் டிவி பார்க்கக் கூடியிருக்கிறது என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார்.

"சொல்லுங்க சார்!"

"ஓரின், உன்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும். நல்லா யோசிச்சு பதில் சொல்லு." 'யோசிச்சு' என்பதை அவர் அழுத்தித்தான் சொன்னார். அதற்கு மேல் அழுத்தினால் கேள்விக்கே அர்த்தமில்லை. "இன்னிக்கு உன் பேரை யாரும் வாசிக்கலேன்னு வெச்சுக்கோ. அப்புறம் எங்ககிட்ட வருவியா?"

"வருவேன் சார். வேற எங்க போவேன்?"

வெர்லின் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"தம்பி... அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லலையா?"

"சொன்னாங்க சார். காலையிலேர்ந்து மூணு டீம் கேட்டுச்சு. மூணு பேர்கிட்டயும் யோசிக்கணும்னுதான் சொன்னேன். அவங்களை நான் பார்த்ததுகூட இல்லை." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். "உங்ககிட்ட எப்படி சார் அப்படிச் சொல்றது? நீங்க எங்க வீட்டுல சாப்பிட்டவரு."

பாவிப் பயலே, அந்தப் பொய்யை என்கிட்டயும்தானே சொல்லச் சொன்னேன் என்று கத்தவா முடியும்? "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அறைக்குள் கிட்ரி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். "அவன் ஏஜெண்ட் பெரிய ஆளு. நாலு டீம் கேக்குதாம், எதுவும் சொல்ல முடியாதாம். நழுவறான்" என்றார்.

"உங்க ஆளு?" என்றார் ப்ரூயிட்.

வெர்லின் சுவரைப் பார்த்தார். 'யோசிக்கணும்னு சொல்றான்.' அவ்வளவுதான், ஒரே வரி. யார் போய்ச் சோதிக்கப்போகிறார்கள்? அந்த ஒரு வரியைச் சொன்னால் கொட்டகையில் கூடியிருக்கிற நானூறு பேரும் எழுந்து நிற்பார்கள். டார்லீன் கேட்ட ஒரே வரம். அவர் கொடுத்த ஒரே வாக்கு. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் அந்தப் பையன் மூன்று பேரிடம் பொய் சொல்லிவிட்டு, இவரிடம் மட்டும் சொல்ல மாட்டேன் என்றான். அவன் வாயிலிருந்து வந்த அந்த ஒரு உண்மையையும் தான் மாற்றிச் சொன்னால், இத்தனை வருஷம் கூட்டி எழுதாத அரை அங்குலமெல்லாம் எதற்கு?

"வருவேங்கறான்" என்றார்.

"நல்லது. அப்ப லாண்ட்ரி" என்றார் ப்ரூயிட். முறை வந்ததும் யாரோ பெயரை எழுதி அனுப்பினார்கள். கிட்ரி எழுந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி ஓர் ஆட்டம் போட்டார். வரும் வழியில் வெர்லினின் தோளைத் தட்டி, "கவலைப்படாதேய்யா, உன் வேலியும் கொசுறா வந்து சேரும்" என்றார். நல்ல மனுஷன்தான், குத்திக்காட்டச் சொல்லவில்லை. வெர்லின் தலையாட்டிவிட்டு, தேர்வு முடிந்ததும் முதல் ஆளாகக் கூப்பிடுவதற்காக ஓரினின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டார். டார்லீனிடம் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

இன்னும் ஐந்து அணிகள் பாக்கி. ஒன்று ஒரு பந்து பறிப்பவனை எடுத்தது. அடுத்தது இன்னொருவனை எடுத்தது. மூன்றாவதாகப் போர்ட்லண்ட். தொலைக்காட்சியில் தெரிந்த மேடை மனிதர் சீட்டைப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்து, ஒரு தடவை திணறி, வாசித்தார்: ஓரின் ஹவெல்கா, தடுப்பாட்டக்காரன், நெப்ராஸ்கா.

கிட்ரிதான் முதலில் வாயைத் திறந்தார். "அடப்பாவிகளா! நம்ம ஆளுய்யா அவன்!"

வெர்லின் தன்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தார். சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சொந்த அணி ஏமாந்து உட்கார்ந்திருக்கிற அறையில் அப்படிச் சிரித்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

ப்ரூயிட் நாற்காலியைத் திருப்பினார். "அவங்களும் போன் பண்ணிக் கேட்டிருப்பாங்க இல்லையா? நம்மகிட்ட வர்றேன்னவன் அவங்ககிட்ட என்ன சொல்லியிருப்பான்?"

"யோசிக்கணும்னு சொல்லியிருப்பான்."

"சின்னக் கல்லூரிப் பையன். ஏஜெண்ட்கூடப் புதுசு. அவனுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக்கொடுத்தது?"

"நான்தான். அவங்க அம்மாகிட்ட நவம்பர்லயே சொன்னேன்."

கிட்ரி மெதுவாக இறைச்சித் தட்டைப் பார்க்க ஆரம்பித்தார். ப்ரூயிட் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

"நம்ம சம்பளத்தை வாங்கிட்டு, நம்ம வித்தையை வெளியில சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"ஆமா ஹார்லன். தப்புதான்."

"அப்படிச் சொல்லிக்கொடுத்தவரு இன்னிக்கு என்கிட்டயும் அதையே சொல்லியிருக்கலாமே. நான் உங்க ஆளை எடுத்திருப்பேன்."

"அவன் என்கிட்ட அப்படிச் சொல்லலையே."

ப்ரூயிட் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "திங்கக்கிழமை என் ரூமுக்கு வாங்க, பேசணும்" என்றார். பிறகு போகிற போக்கில், "அடுத்த வருஷமும் அந்தச் சிவப்பு வட்டத்தை நீங்களே ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அதற்குள் வெர்லினின் கைபேசி அடித்தது. தாழ்வாரத்துக்கு ஓடினார். பையன் அழுதுகொண்டிருந்தான்.

"சார், உங்ககிட்ட வர்றேன்னு வாக்குக் கொடுத்தேனே. அவங்ககிட்ட வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"அட மடப்பயலே, அப்படி எதையும் சொல்லித் தொலைக்காதே! பேரை வாசிச்சாச்சுன்னா அங்கதான்டா போகணும். அதுதான் விதி. போ, நல்லா ஆடு. எங்க டீமோட மோதறப்ப மட்டும் கொஞ்சம் பார்த்து நடந்துக்கோ."

போன் கை மாறியது. டார்லீன். பின்னால் யாரோ தீயணைப்பு வண்டியின் சங்கை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"டக்கெட் சார், வாசிச்சுட்டாங்க. தப்பும் தவறுமா வாசிச்சான், ஆனா வாசிச்சுட்டான். ஊரே கேட்டுச்சு." மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவளுடைய இயல்பான குரல் வந்தது. "அது சரி, நீங்க ஏன் எடுக்கல?"

"உங்க பையன் என்கிட்ட வருவேன்னு சொல்லிட்டான், டார்லீன்."

சங்கை நிறுத்தச் சொல்லி டார்லீன் யாரையோ அதட்டினாள்.

"அத்தனை தடவை சொல்லி அனுப்பினேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "உங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டானா?"

"ஆமா."

"இந்தப் பக்கம் வந்தா சாப்பிட வாங்க. டீம் எதுவா இருந்தா என்ன."

வெர்லின் அறைக்குத் திரும்பினார். சுவரிலிருந்து ஓரின் ஹவெல்காவின் தகட்டை எடுத்து, சிவப்பு வட்டத்தோடு அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கிட்ரியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பேர் வாசிக்கப்படாத பையன்களின் பட்டியலை முன்னால் இழுத்து வைத்து, முதல் எண்ணை அழுத்தினார்.