செம்புத் தகடு

மாரிச்செல்வி பிடிவாதம் பிடித்தால் ஊரே கூடி வந்து சொன்னாலும் மசிய மாட்டாள். அன்றைக்கு விடிகாலையிலும் அப்படித்தான் புருஷனிடம் மல்லுக்கு நின்றாள்.

"கல்யாண நாளும் அதுவுமா நான் எடுத்துக் குடுத்த சட்டையப் போட மாட்டீகளா? அம்புட்டு எளக்காரமாப் போச்சா?"

முத்துக்கிருஷ்ணன் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். அந்தப் பளபளப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு வேனேறிப் போய்விட்டான். ஜெயித்த சந்தோஷத்தில் அவளும் புது நைலான் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

மகள் சினேகாவுக்கு அன்றைக்கு அறிவியல் பரீட்சை. தலை சீவிய பிளாஸ்டிக் சீப்பைக் காகிதத் துணுக்குகளுக்கு மேலே காட்டினாள். துணுக்குகள் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டன.

"எம்மா, இங்கன பாரேன்! ஆற்றல் அழியாதாம், உருமாறிக்கிட்டே இருக்குமாம். நான் தலை சீவுன ஆற்றல் இப்ப சீப்புல கரண்டா நிக்குது."

"நின்னு?"

"எதையாச்சும் தொட்டா பொறியாப் பாயும். பொறின்னா சூடு. அந்தச் சூடு பட்டா, வெடிமருந்துக்குள்ள அடைஞ்சு கெடக்குற ஆற்றல் வெளிச்சமா, சத்தமா மொத்தமா வெளிய வந்துரும்."

"சீப்பு மட்டுந்தானா?"

"நைலான், பாலியஸ்டர் துணி எல்லாந்தான்."

மாரிச்செல்வி எடுத்துக் கொடுத்த சட்டையும் பாலியஸ்டர்தான். கலவை அறைக்குள் பருத்தித் துணிதான் போட வேண்டும் என்று அவன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். முதலாளி சும்மா போட்ட சட்டம் என்றல்லவா நினைத்தாள்! போன் போட்டால் மணி அடித்தபடியே இருந்தது. வேலையாட்களின் போனையெல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் கலவை வேலையை முடிக்க வேண்டும் என்பதால் இந்நேரம் அவன் மருந்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். அடி பாவி, நீயே அனுப்பி வச்சியே என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள். பங்குனிக் காற்றில் சொட்டு ஈரம் இல்லை. எங்கேயோ ஒரு வெடிச் சத்தம். சரக்கைச் சோதித்துப் பார்க்கிற சத்தம்தான், தினமும் கேட்பதுதான். இருந்தாலும் ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினாள். வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

லோடு லாரிக்காகக் காவலாளி செல்லச்சாமி கேட்டைத் திறந்திருந்தார். வண்டியைப் போட்டது போட்டபடி உள்ளே ஓடினாள்.

"ஏத்தா, நில்லு! உள்ள போகக் கூடாது!" அவர் கத்தியது பின்னாலேயே தேய்ந்தது.

வேப்பமரங்களுக்கு நடுவே தனித்தனியாக நின்ற கலவை அறைகளில் ஒன்றில், மருந்தைச் சலித்துக்கொண்டிருந்தான் முத்துக்கிருஷ்ணன். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவன் முகம் வெளிறிப் போனது.

"அங்கனயே நில்லு! ஒரு எட்டு வைக்காத!"

நின்றாள். அவன் உடம்பில் சாயம் போன பழைய பருத்திச் சட்டை. சல்லடையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தான்.

"சோத்துப் பையிலயே மாத்துச் சட்டை கொண்டாந்துட்டேன். நீ குடுத்த சட்டை கேட் ரூம்ல ஆணியில தொங்குது. மருந்துல கை வைக்கிறவனுக்கு இது தெரியாதா செல்வி?"

உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஓவென்று அழுதுகொண்டு அவனைக் கட்டிக்கொள்ளப் போனாள். அவன் சட்டென்று பின்வாங்கினான்.

"நீ என்ன கட்டியிருக்க?"

குனிந்து பார்த்தாள். புது நைலான் சேலை காலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. சீட்டில் உரசி, காற்றில் உரசி, ஓட்டத்தில் உரசி, அத்தனை கரண்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டு மருந்து வாசலுக்கு வந்திருப்பது அவளேதான். காகிதத் துணுக்குகள் கண்ணுக்குள் துள்ளின.

அறையை விட்டுத் தள்ளி ஒரு கல்தூண். அதில் பதித்த செம்புத் தகட்டிலிருந்து மண்ணுக்குள் கம்பி இறங்கியது. வேலைக்கு வருகிற எல்லோரும், உடம்பில் தங்கிய கரண்டை மண்ணுக்குள் இறக்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அவன் அதைக் கைகாட்டினான்.

விரலை நீட்டினாள். தொடுவதற்கு முன்னாலேயே 'டிக்' என்று சத்தம் கேட்டது. விரல் நுனி சுருக்கென்றது.

அதற்கப்புறம்தான் முத்துக்கிருஷ்ணன் அவள் கையைப் பிடித்தான்.