குண்டுவின் கை

தன் பிள்ளை உடம்பு தேறியிருக்கக் கூடாது என்று எந்தத் தாயாவது வேண்டிக்கொள்வாளா? இவள் வேண்டிக்கொண்டாள். இடுப்பில் இன்னும் பால்குடி மறக்காத மகனும் பக்கத்தில் மகளுமாகச் சுகாதார நிலைய வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள், காலையிலிருந்து மனசுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைத் திட்டுவதற்கு முன்னால் விஷயத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

மகனுக்கு வீட்டில் குண்டு என்று பெயர். பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்தான், அப்பன்காரன் ஆசையாக அப்படிக் கூப்பிட ஆரம்பித்தான். சதையெல்லாம் கரைந்த பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. முதல் தடவை அவனை இங்கே தூக்கி வந்தபோது அழக்கூடத் தெம்பில்லாமல் தோளில் கிடந்தான். பெயரைக் கேட்ட நர்ஸ் மறுபடியும் ஒரு தரம் கேட்டாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த நர்ஸிடம் ஒரு நாடா உண்டு. பிள்ளையின் மேற்கையில் சுற்றி இழுத்தால் நிறம் காட்டும். சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் கவனம், பச்சை என்றால் தேறிவிட்டது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வாராவாரம் சத்துப் பொட்டலம் தருவார்கள். கடலையை அரைத்துப் பால்மாவும் எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்த விழுது அது. பச்சை வந்துவிட்டால் பொட்டலம் நின்றுவிடும். சட்டம் சரிதான், குறை சொல்ல முடியாது. தேறின பிள்ளை வீட்டுக்குப் போய் எதைத் தின்னும் என்பதுதான் சட்டத்துக்குத் தெரியாது.

வீட்டில் ஒன்றுமில்லை என்றதும் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். மக்காச்சோளம் விளைவிக்கிற குடும்பம். இந்தத் தடவை கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து மழை கைவிட்டது. கிடைத்த அரைகுறை விளைச்சலையும் அறுத்த கையோடு விற்றார்கள். ஈரம் படாமல் வைக்க இடமில்லை, போன வருஷம் வைத்திருந்ததை வண்டு தின்று தீர்த்திருந்தது. இப்போது அதே சோளம் கடையில் எட்டாத விலையில் உட்கார்ந்திருக்கிறது. விளைவித்தவள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். நல்லா இருக்கிறது நியாயம்! புருஷன் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். "இங்க தானியம் மலை மலையா கெடக்குடி, பாத்தா நீ நம்ப மாட்ட" என்று போனில் சொன்னான். அவள் நம்பினாள். அதனால்தான் அன்றைக்குப் போனைச் சீக்கிரம் வைத்துவிட்டாள்.

ஆக, குண்டுவுக்கென்று வருகிற பொட்டலத்தை நம்பித்தான் வீடு ஓடியது. பாதி குண்டுவுக்கு, பாதி அவன் அக்காவுக்கு. அக்காவுக்கு வாயாடி என்று பெயர், அதற்கு விளக்கம் வேண்டாம். அம்மா வரப்போரக் கீரையை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொள்வாள். கேட்டால், "எனக்குப் பசிக்கல" என்பாள்.

போன வாரம் நாடா மஞ்சளின் கடைசி ஓரத்தில் நின்றது. "அடுத்த வாரம் பச்சைதான்!" என்று நர்ஸ் சந்தோஷப்பட்டாள். இவள் பொட்டலங்களை வாங்கி எண்ணிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் பொட்டலங்களை ஒரு டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்துவிட்டாள். இந்த ஒரு வாரம் பிள்ளை கொஞ்சம் வாடினால் இன்னும் கொஞ்ச நாளைக்குப் பொட்டலம் வரும் என்று கணக்குப் போட்டாள். பரண் பக்கம் தலையைத் தூக்கிப் பார்க்கவே அவளுக்குத் துணிவு வரவில்லை. பகலெல்லாம் அடுத்தவர் காட்டில் களை பிடுங்கிவிட்டு வருவாள். குண்டு அழாமல் வாயாடி மடியில் படுத்திருப்பான். அழக்கூடத் தெம்பில்லையோ என்று பதறி அவனை மார்போடு அணைத்துக்கொள்வாள்.

"அடுத்தது யாரு? வாங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நர்ஸுக்குத் தாய்மார்கள் வைத்திருந்த பெயர் கறாரக்கா. வைத்த பெயர் பொய்யில்லை.

"அக்கா, நாடாவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்களேன்" என்றாள் இவள், மெதுவாக.

"எதுக்கு? நான் என்ன துணி தைக்கவா அளவு எடுக்கறேன்?"

கறாரக்கா நாடாவைச் சுற்றினாள், இழுத்தாள், முகம் மலர்ந்தாள். "அட, பச்சை! டேய் குண்டு, பேரைக் காப்பாத்திட்டடா!"

"இருக்காதுக்கா. இன்னொரு தரம் பாருங்க. ஒரு வாரமா நான் அவனுக்கு…" என்றவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஒரு வாரமா நீ என்ன?"

வாயாடி முந்திக்கொண்டாள். "நான்தான் ஊட்டினேன். நீ வேலைக்குப் போனதும் பானை மேல ஏறி எடுத்துருவேன். அவன் அழுதாம்மா. நான் சாப்பிடவே இல்ல, உறையை மட்டும்தான் நக்கினேன். அடிக்காதம்மா."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். "உன்னை எதுக்குடி அடிக்கப் போறேன்? என்னைத்தான் அடிக்கணும். பெத்த பிள்ளையை நானே பட்டினி போட்டேன்க்கா. பச்சை வந்துட்டா நாளைலேருந்து இதுங்களுக்கு என்னத்தைக் குடுப்பேன்?"

கறாரக்கா கத்துவாள் என்றுதான் அம்மா எதிர்பார்த்தாள். அவளோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாடாவை நான் பொய் சொல்ல வைக்கலாம்மா. அப்புறம் வெளியில சிவப்புல கெடக்குற பிள்ளைகிட்டேருந்துதான் எடுத்து உனக்குக் குடுக்கணும். வர்றதே அவ்ளோதான்."

இவள் வாசல் வழியாகப் பார்த்தாள். வராந்தாவில் ஒருத்தியின் தோளில் ஒரு குழந்தை, குண்டு அன்றைக்குக் கிடந்த மாதிரியே கிடந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேணாம்க்கா" என்று எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்ட? உன் கையைக் காட்டு."

"எனக்கென்னக்கா? நல்லாத்தான் இருக்கேன்."

"இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டுட்டு வர்றப்பவே நெனச்சேன். காட்டுன்னா காட்டு."

புருஷனுடைய சட்டை அது. கைப்பகுதி எங்கேயும் பிடிக்காமல் தோள் வரைக்கும் ஏறிவிட்டது. கறாரக்கா மேஜை டிராயரிலிருந்து கொஞ்சம் நீளமான இன்னொரு நாடாவை எடுத்தாள். "பால் குடுக்கற தாய்க்கும் இங்க அளவு இருக்கு, பொட்டலமும் இருக்கு. ஒருத்தியாவது கையை நீட்டறீங்களா? பிள்ளைங்களை மட்டும் முன்னாடி தள்ளிட வேண்டியது!" திட்டிக்கொண்டே சுற்றி இழுத்தாள்.

வாயாடி எட்டிப் பார்த்தாள். "சிவப்பு" என்றாள். பிறகு தன் கையை அம்மா கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"வாராவாரம் வரணும். இந்த வாயாடியையும் இப்பவே எடை பாக்கறேன், இவளுக்கு என்ன செய்யலாம்னு பாப்போம்" என்று கறாரக்கா ஒரு பொட்டலத்தைக் கிழித்து நீட்டினாள். "ஆனா முதல் பொட்டலத்தை என் கண்ணு முன்னாடியே தின்னணும். வீட்டுக்குக் கொண்டு போனா யார் வாய்க்குப் போகும்னு எனக்குத் தெரியாதா?"

வாசனை கண்டதும் குண்டு ஆவென்று வாயைத் திறந்தான். விழுதை விரலில் வழித்த அம்மாவின் கை, தன்னாலே அவன் பக்கம் போனது. வாயாடி பாய்ந்து தம்பியின் வாயைப் பொத்தினாள். "டேய், இது அம்மாவோடது!"

பிறகு பொட்டலத்தை வாங்கித் தன் விரலில் கொஞ்சம் எடுத்து, தம்பிக்கு ஊட்டுகிற மாதிரியே நீட்டினாள். "ஆ காட்டு."

"எனக்குப் பசிக்கல" என்று சொல்லத்தான் அம்மா வாயைத் திறந்தாள். திறந்த வாயில் வாயாடி ஊட்டிவிட்டாள்.