இறக்கத்துத் தூக்கம்

செல்லமுத்துவின் டீசல் அம்பாசிடரில் மின்சார வசதி என்று ஆதியில் இருந்தது இரண்டு ஹெட்லைட், ஒரு ஹார்ன், சிகரெட் பற்றவைக்க ஒரு ஓட்டை, அவ்வளவுதான். வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை. அதனால் அந்த ஓட்டைக்குள் குளவி மண்கூடு கட்டிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அப்பேர்ப்பட்ட வண்டியில் இந்த ஆனி மாதம் ஒரு ஃபிரிட்ஜ் ஏறியிருக்கிறது என்றால் கச்சிராயபாளையத்தில் யார் நம்புவார்கள்? ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

எல்லாம் மருமகள் மணிமொழிக்காக. மேலே வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் தற்காலிக ஆசிரியை. பிள்ளை பெற்ற ஐந்தாம் மாதமே வேலைக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. புருஷன் ஓசூரில் கம்பெனி வேலை, மாதத்துக்கு இரண்டு தடவை வந்து போவான். காலையில் மாமனார் செல்லமுத்து அவளைக் காரில் மலையேற்றிக்கொண்டு போவார். பகலெல்லாம் தன் பழைய ஜீப் டிரைவர் கூட்டாளிகளோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். பாப்பாவை மாமியார் ராணியம்மாள் பார்த்துக்கொண்டாள்.

பிள்ளை தன் பாலைத்தான் குடிக்க வேண்டும் என்பதில் மணிமொழி ஒற்றைக்காலில் நின்றாள். மாவுப்பால் குடித்து வளர்ந்து ஆளான பிள்ளைகள் ஊரில் எத்தனையோ உண்டு, அது அவளுக்கும் தெரியும். ஆனால் பகல் முழுக்கப் பிள்ளையைப் பிரிந்திருப்பவளுக்கு அந்தப் பால் ஒன்றுதான் பிடிமானம். அன்றைக்கு எடுக்கிற பால் மறுநாள் பகலில் பாப்பாவுக்கு. பள்ளிக்கூடத்திலோ ஒதுங்கி உட்கார ஒரு அறை கிடையாது, கரண்ட் தன் இஷ்டத்துக்கு வரும் போகும்.

கள்ளக்குறிச்சியில் கார்களுக்கு வயரிங் பார்க்கிற பழனி இரண்டு நாள் வண்டிக்குள் தலைகீழாகக் கிடந்தான். குளவியைக் காலி செய்தான். பின்சீட்டுக்குப் பக்கத்தில் போன் சார்ஜர் சொருகும் பாயிண்ட் இரண்டு, குட்டி ஃபிரிட்ஜுக்கு ஒரு சாக்கெட், மேலே ஒரு சின்ன ஃபேன், ஜன்னலுக்கு நீலத் திரை. டிக்கியில் இரண்டாவதாக ஒரு பேட்டரி. இஞ்சின் ஓடும்போது அது சார்ஜ் ஏறும், வண்டி நிற்கும்போது அதிலிருந்து ஃபிரிட்ஜ் ஓடும் என்றான். மலையேற ஒரு மணி நேரத்துக்கு மேல், இறங்க ஒரு மணி நேரம், அந்த ஓட்டம் போதும் என்பது அவன் கணக்கு. கணக்கில் தப்பே இல்லை.

பத்தரை மணி இடைவேளையிலும் சாப்பாட்டு நேரத்திலும் மணிமொழி காருக்குள் வந்து உட்காருவாள். பள்ளிக்கூடத்துப் பலாமரத்தடியில் நிற்கிற வண்டியைப் பனி வந்து தொட்டுவிட்டுப் போகும். நீலத் திரை வழியே வெளிச்சம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் அசையும். பால் எடுக்கும் மெஷின் தனக்குத் தானே ஏதோ முனகிக்கொண்டிருக்க, போனில் பாப்பாவின் படத்தைப் பார்த்தபடி இருப்பாள். இரண்டாவது நிமிடத்திலேயே பள்ளிக்கூடம், பிள்ளைகளின் கூச்சல், மலை எல்லாம் தள்ளிப் போய்விடும். மடியில் கனம் தெரியும். கையை வைத்துப் பார்த்தால் வெறும் புடவை. அப்படியும் அந்தக் கனம் போகாது. அது பொய் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் சண்டைக்கே போயிருப்பாள்.

சாயங்காலம் இறங்கும்போது தூங்கிப்போவாள். ராத்திரியெல்லாம் பிள்ளையோடு விழித்திருக்கிறவளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் தூக்கம். அது சாதாரணத் தூக்கமும் இல்லை. முதல் வளைவு தாண்டியதும் உலகத்துச் சத்தமெல்லாம் யாரோ கை வைத்து மூடியதுபோல் அடங்கும். கார் பரிசலாகிவிடும். மரங்களுக்கு நடுவே ஓசையில்லாமல் ஓடும் ஆற்றில் பாப்பாவும் அவளும் மிதந்து போவார்கள். கீழே கோமுகி அணை தெரியும் இடத்தில் ஒரு குலுக்கல், மறுபடியும் இஞ்சின் சத்தம், விழிப்பு. கனவில் சத்தம் கேட்காதது இயற்கைதானே என்று அவளும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

முதல் வாரம் எல்லாம் சரியாக நடந்தது. இரண்டாவது வாரம் புதன்கிழமை பால் கெட்டுப்போயிருந்தது. வியாழனும் அப்படியே. புளித்த வாடை. ராணியம்மாள் மோந்து பார்த்துவிட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். மூன்றாம் நாள் சொன்னாள். மலை ஏறி இறங்குகிற உடம்பு, பால் சூடேறிப்போகிறது, திங்கட்கிழமையிலிருந்து டப்பா பால் கொடுத்துவிடலாம் என்று. டப்பா வாங்கியும் வைத்துவிட்டாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பிள்ளை வயிறு காயக்கூடாதே என்றுதான். மணிமொழி குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். ஃபிரிட்ஜில் கோளாறாக இருக்குமோ என்றும் பார்த்தாள். சாயங்காலம் வண்டியில் ஏறி உட்காரும்போதெல்லாம் அதன் பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. அப்படியானால் கோளாறு தன் உடம்பில்தான் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் இருந்தது. இறங்கும்போது வழக்கம்போல் பரிசல், ஆறு, பாப்பா. நடுவழியில் மாடு ஒன்று குறுக்கே வர, செல்லமுத்து ஹார்ன் அடித்தார். மணிமொழி கண்ணைத் திறந்தாள். ஹார்ன் ஓய்ந்த பிறகு ஒரு சத்தமும் இல்லை. கனவு கலைந்த பிறகும் அந்த நிசப்தம் கலையவில்லை. டயர் தாரில் உரசுகிற ஓசை, எங்கோ ஒரு மயில், அவ்வளவுதான். ஃபிரிட்ஜின் பச்சை விளக்கு அணைந்திருந்தது.

இஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சரிவில் உருளவிட்டிருந்தார் மாமனார். பழனி சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது. இறங்குகிற ஒரு மணி நேரமும் பேட்டரிக்குப் பட்டினி. நாளுக்கு நாள் குறைந்து, மத்தியானமே ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. சாயங்காலம் சாவி போட்டதும் விளக்கு எரிகிறது, அவளும் ஏமாந்துபோகிறாள். கல்வராயன் மலை ஜீப்காரர்கள் டீசல் மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைத்து இறங்குவார்கள் என்பது பழனிக்கு எப்படித் தெரியும்?

கோபம்தான் முதலில் வந்தது. நாலு லிட்டர் டீசலுக்காகப் பிள்ளையின் வாயில் மண்ணா? அதுவும் இந்த வளைவுகளில், வெறும் பிரேக்கை நம்பி?

"இன்னா மாமா, வண்டிய ஆஃப் பண்ணிட்டு எறங்கறீங்க?" என்றாள்.

செல்லமுத்து கண்ணாடியில் அவளைப் பார்த்தார். திருடி மாட்டிக்கொண்டவர் முகம்.

"அந்தக் காலத்துல ஜீப்பு ஓட்டச்சொல்ல டீசலுக்காவத்தான் பண்ணுவோம்மா. இப்ப அதுக்கில்ல. இது டீசல் வண்டி, தடதடன்னு கத்திக்கினே வருது. மொத நாளு நீ கண்ண மூடுறதும் திடுக்குனு முழிக்கிறதுமா இருந்த. ஆஃப் பண்ணேன், அப்பறம்தான் தூங்கின. அன்னிலேர்ந்து அணைகிட்ட வர்ற வரைக்கும் பிரேக்குமேலயே கால வச்சிக்கினு வரேன்."

 மணிமொழியின் ஆறு, பரிசல் எல்லாம் இவர் காலடியில் இருந்துதான் வந்திருக்கிறது. இதைப் போய் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் திங்கட்கிழமை டப்பா திறந்துவிடும். இரண்டு வளைவு தாண்டின. பிறகு பேட்டரி விஷயத்தை மெதுவாகச் சொன்னாள்.

 செல்லமுத்து உடனே கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டார். இஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது, பச்சை விளக்கு எரிந்தது. வீடு வரும்வரை அவர் கண்ணாடிப் பக்கம் பார்க்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டியை வாசலில் நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டு, பக்கத்திலேயே குந்தியிருந்தார். தெரு சிரித்தது.

திங்கட்கிழமை கொண்டுவந்த பால் கெடவில்லை. ராணியம்மாள் இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டு, டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் எடுத்து வைத்தாள். மறுநாள் பாப்பா குடித்துவிட்டு ஏப்பம் விட்டதைச் சாயங்காலம் மூன்று முறை சொன்னாள்.

ஆனால் தூக்கம் போனது போனதுதான். அந்தத் தடதடப்பில் மணிமொழியால் கண் அயர முடியவில்லை. அதைவிட, ஒவ்வொரு வளைவிலும் செல்லமுத்து கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்து முகம் வாடிப்போவதைத்தான் தாங்க முடியவில்லை. புதன்கிழமை முதல் வளைவு தாண்டியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தலையைச் சீட்டில் சாய்த்தாள். நம்பும்படியாக இருக்கட்டும் என்று வாயையும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டாள். கண்ணாடிப் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. வண்டியின் வேகம் குறைந்தது.

அடிவாரத்துச் செக்போஸ்டில் வண்டி நின்றது. காவலுக்கு இருந்தவர் வழக்கம்போல் சத்தமாக ஏதோ கேட்டபடி வந்தார்.

"மெள்ளப் பேசு. எம் பொண்ணு தூங்குது" என்றார் செல்லமுத்து.

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் வெளியாட்களிடம் அவர் அவளை மருமகள் என்றுதான் சொல்லியிருக்கிறார். மணிமொழிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் திறக்காமல் இருப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு.