வேறு கை எழுதிய பிரதி

மறைநூலை நான் பதினான்கு முறை முழுதாகப் படித்திருக்கிறேன். பதினான்கு முறையும் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல் வரை. அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது.

அதுதான் என் வேலை. எங்கள் எழுத்து மண்டபத்தின் உறுப்பினர்கள் மறைநூலைக் கையால் பிரதி எடுப்பார்கள். அது எழுத்தல்ல, தவம் என்று வாசலில் பலகை போட்டிருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தும் எழுதலாம். எழுதியதைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தால், மூலத்தோடு வைத்து ஒப்புப் பார்க்க வேண்டியவள் நான். முன்னாலிருந்து படித்தால் பொருள் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். கண் இருப்பதைப் பார்க்காமல் இருக்க வேண்டியதைப் பார்க்கும். அதனால்தான் பின்னாலிருந்து. இடது விரல் மூலத்தில், வலது விரல் பிரதியில், ஒவ்வொரு சொல்லாக. பிழை இருந்தால் அந்தப் பக்கத்தில் சிவப்பு நூல் கட்டுவேன். எழுதியவரே நேரில் வந்து என் கண் முன்னால் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். இலக்கியத்தில் முதல் வகுப்பு. அதற்கு எனக்குக் கிடைத்த வேலை, ஒரு புத்தகத்தைப் புரியாமல் படிப்பது. கட்டுத் தைக்கிற பெண்கள் எனக்கு 'டிகிரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். டிகிரி, கோந்து டப்பாவை மூடினியா? டிகிரி, உன் ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. எல்லாவற்றுக்கும் டிகிரி வேண்டும்.

தவம் செய்கிறவர்களின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். எழுத எழுத மனசு பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது என்று ஒரு பல் டாக்டர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் விட்டுப்போன அரை வரிக்கு நான் நூல் கட்டியதும் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

மாவு மில் முதலாளிக்கு ரத்த அழுத்தம். எழுதினால் குறையும் என்று யாரோ சொல்லி வந்து சேர்ந்தார். முதல் கட்டில் பதினொரு நூல் கட்டினேன். முகமெல்லாம் சிவந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன் என்று அள்ளிக்கொண்டு போனவர், அதன் பிறகு கொண்டுவந்த கட்டுகளை இன்னொரு ஒப்புநரிடமே கொடுத்தார். அவற்றில் ஒரு நூல்கூட விழவில்லை. கையெழுத்து அடியோடு மாறிவிட்டது என்று அந்த ஒப்புநர் சொன்னபோது, தவம் முத்த முத்தக் கையெழுத்தும் மாறும் என்று மண்டபப் பொறுப்பாளர் விளக்கம் கொடுத்தார். முதலாளியை மண்டபத்தின் அடுத்த தலைவராக்க அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

என் அப்பா அந்த மில்லில் கேட் வாட்ச்மேன். உப்பு குறைந்தால் தட்டை வீசுகிற மனிதர். கடந்த ஒரு வருடமாக வீட்டில் அவர் குரலே உயரவில்லை. ஊர் உலகத்தில் வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அம்மா சந்தேகப்பட்டாள். எவளோ இருக்கிறாள் என்று அவர் சட்டைப் பையைத் துழாவினாள். இரண்டு நீல ஜெல் பேனா ரீஃபில்கள்தான் கிடைத்தன. அவள் இன்னும் பயந்துவிட்டாள். இந்த வயதில் கடிதமா எழுதுகிறார் என்று என்னிடம் வந்து கேட்டாள்.

முதலாளியின் கடைசிக் கட்டு வந்தபோது அந்த ஒப்புநர் கண் ஆபரேஷனுக்கு விடுப்பில் போயிருந்தார். அதனால் அது என் மேஜைக்கு வந்தது. உருண்டையான, அவசரமில்லாத எழுத்து. நானூற்று இருபதாம் பக்கத்திலிருந்து பின்னோக்கி வந்தேன். நானூற்றுப் பதினேழில் 'நிறைந்தது' சரி. 'எங்கும்' சரி. அடுத்தது 'உள்ளே' என்று இருந்தது. மூலத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. அதற்கு முன்னால் 4471. அதற்கு முன்னால் 'கருணை'.

முன்னாலிருந்து படித்துப் பார்த்தேன். 'அவன் கருணை 4471 உள்ளே எங்கும் நிறைந்தது.'

அந்த 'உள்ளே' எனக்குத் தெரிந்த 'உள்ளே'. அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போகும்போதெல்லாம் கேட் ரெஜிஸ்டரில் பார்த்திருக்கிறேன். லாரி நம்பர், பக்கத்தில் உள்ளே அல்லது வெளியே.

மண்டபத்தில் ஒரு விதி இருக்கிறது. முழுதாக முடிந்த பிரதியை எழுதியவர் பெயரோடு கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். ஒருவர் பெயரில் வேறு கை எழுதியது என்று தெரிந்தால் வைக்க மாட்டார்கள். வெள்ளைத் துணியில் சுற்றி, பின்கட்டுக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிடுவார்கள். மரியாதையாகத்தான் தள்ளுவார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் மில் கேட்டுக்குப் போனேன். அப்பா கூண்டுக்குள் இருந்தார்.

"முதலாளி புக்கு நீதான் எழுதினியாப்பா?"

அவர் மறுக்கவில்லை. "எத்தன தப்பு?" என்றார்.

"நான் என்ன கேக்கறேன், நீ என்ன கேக்கற?"

"எத்தன தப்பு பாப்பா?"

"ஒண்ணு. கருணைக்கு நடுவுல லாரி நம்பர எழுதி வச்சிருக்க."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "நாலு நாலு ஏழு ஒண்ணு. ஹாரன அமுக்கிக்கிட்டே நின்னான் அந்தப் பய." ரெஜிஸ்டரைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரல் வைத்தார். "அதான் அன்னைக்கு ரெஜிஸ்டர்ல ஒரு லாரி கொறஞ்சுது."

அப்புறம்தான் விவரம் சொன்னார். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய் என்று முதலாளி புத்தகத்தைக் கையில் திணித்தாராம், மின்சார ஆபீஸ் வரிசையில் நிற்கச் சொல்கிற மாதிரி. முதல் வாரம் அவரைத் திட்டிக்கொண்டேதான் எழுதினாராம். பிறகு திட்ட மறந்துபோனதாம். முதலாளியின் ரத்த அழுத்தம் அப்படியே இருக்க, குறைந்தது எங்கள் வீட்டில்தான் என்பது அப்போது எனக்கு உறைத்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற மனிதர் ஒரு வருடம் உட்கார்ந்து எழுதியதைக் கண்ணாடிக்குள் வைத்து, இன்னொருவன் பெயரைப் பித்தளையில் பொறிக்கப் போகிறார்கள். பொறுப்பாளரிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"சொன்னா?"

"குழில போட்டு மூடுவாங்க. அவன் பேர்ல இருக்கறதுக்கு மூடட்டும்."

ஒரு லாரி வந்தது. அப்பா எழுந்து போய்க் கேட்டைத் திறந்து, நம்பரைப் பார்த்து, ரெஜிஸ்டரில் எழுதி, எழுதியதை ஒரு முறை சரிபார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மண்ணுக்குள்ள போயிட்டா மட்டும் நான் எழுதினதுன்னு தெரிஞ்சிருமா?" என்றார்.

மறுநாள் சிவப்பு நூல் கட்டிய பக்கத்தைப் பொறுப்பாளர் மேஜையில் வைத்தேன். நம்பரைப் படித்தவர், பாவம், வியாபார நினைப்பு நடுவில் வந்துவிட்டது போல என்று முதலாளிக்காக இரக்கப்பட்டார். வேறு ஏதாவது உண்டா என்று என்னைக் கேட்டார். உண்டு என்று மட்டும் சொல்லிவிடாதே என்று அவர் கண் சொன்னது. யாருக்கும் பயந்து நான் வாயை மூடியதில்லை. அன்று நானூற்று இருபது பக்கத்துக்குப் பயந்தேன். இல்லை என்றேன். வெளியே வந்து, வாசல் பலகையை உதைக்கலாமா என்று யோசித்தேன்.

பக்கத்தைத் திரும்ப எழுத வரச் சொல்லி ஆள் போனது. அடுத்த நாள் முதலாளி பத்து மணிக்கு வந்தார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு அப்பா பின்னால் வந்தார். எழுதும் அறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. முதலாளி போய் அதில் உட்கார்ந்தார். விரல் பிடித்துக்கொண்டது, வாட்ச்மேன் எழுதட்டும் என்று பொறுப்பாளரிடம் சாதாரணமாகச் சொல்லி, அப்பாவுக்குத் தரையைக் காட்டினார். பொறுப்பாளர் ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்தார். அதைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வெளியே போய்விட்டார்.

"அந்த நாற்காலி எழுதறவங்களுக்கு," என்றேன்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரும்மா?"

"ஒப்புநர். நான் கையெழுத்துப் போட்டாதான் உங்க புக்கு பெட்டிக்குள்ள போகும். இந்த ரூம்ல வேற நாற்காலி போட மாட்டோம். போனையும் வெளிய வச்சிருங்க."

நான் வாட்ச்மேன் மகள் என்று அப்பாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முதலாளி எழுந்தார். அப்பா உட்கார்ந்தார்.

அப்பா எழுதுவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்து, மூலத்தை இன்னொரு தடவை பார்த்து, அதன் பிறகே பேனாவை இறக்கினார். ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம். முதலாளி சுவரில் சாய்ந்தார், கால் மாற்றினார், கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் எவ்வளவு நீளம் என்று அவருக்கும் அன்றுதான் தெரிந்தது. எழுதி முடித்ததும் நான் பின்னாலிருந்து ஒப்புப் பார்த்தேன். பிழை இல்லை. திரும்ப எழுதிய பக்கத்தின் அடியில் எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். அது மட்டும் பாக்கி. முதலாளி அவசரமாகப் பேனாவுக்குக் கை நீட்டினார்.

"கை கழுவிட்டு வாங்க முதலாளி," என்றார் அப்பா.

சீட்டு இல்லாமல் வந்த லாரி டிரைவரிடம் பேசுகிற அதே குரல். முதலாளி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு குழாயடிக்குப் போனார்.

நான் குனிந்தேன். "உன் பேரப் போடுப்பா. அவன் வரதுக்குள்ள."

"போட்டா குழி."

"குழின்னா குழி."

"சண்ட போட உனக்கு நெறைய எடம் இருக்கு பாப்பா," என்றார். "இத விட்டுடு."

முதலாளி உதறிக்கொண்டே திரும்பி வந்து, நின்ற வாக்கிலேயே குனிந்து கையெழுத்துப் போட்டார். முழங்கையிலிருந்து ஒரு சொட்டு இறங்கிக் 'கருணை' மேல் விழுந்தது. நீல மை கரைந்து, அந்தச் சொல் இருந்த இடத்தில் சின்னதாக ஒரு குட்டை தேங்கியது.

நான் சிவப்பு நூலை எடுத்தேன்.

"ஒரு சொட்டுதானேம்மா," என்றார் முதலாளி.

"எழுத்து அழிஞ்சா பிழைதான்."

பிழைப் பதிவேட்டைத் திறந்தேன். பக்கம் 417. பிழை: ஈரக்கை. செய்தவர்: மாவு மில் முதலாளி. இந்த மண்டபத்தில் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு நிம்மதியாக நான் எதையும் எழுதியதில்லை. அந்த நூல் முழுவதிலும் அவர் சொந்தக் கையால் செய்த காரியம் அது ஒன்றுதான். அதற்கு எழுத்துபூர்வமான அத்தாட்சியும் இப்போது இருக்கிறது.

அப்பா புதுத் தாளை எடுத்து மேஜை விளிம்போடு ஒட்டி வைத்தார். முகத்தில் சலிப்பு கொஞ்சமும் இல்லை. இன்னொரு நாற்பது நிமிடம் கிடைத்த சந்தோஷம்தான் அப்பட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்க்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"இந்த வாட்டி தொடச்சிட்டு வாங்க," என்றார், நிமிராமலே. முதல் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்க்கத் தொடங்கினார்.