அத்தானின் பதினோராவது சிக்கன் சாலட்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கம். இதை என் அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலிருந்து திருடினேன்.

அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், லிஃப்ட் மெக்கானிக். (லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். நகைச்சுவைக்காக நான் சேர்த்தது இல்லை, உண்மை. நான் கீழ்த்தளத்தில் இருக்கிறேன்.) ஒவ்வொரு லிஃப்டையும் பழுது பார்த்த பிறகு அவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். புகார், செய்த வேலை, தற்போதைய நிலை என்று மூன்று கட்டங்கள். அந்தப் படிவங்களில் சிலதைத்தான் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். முதல் படிவம் இது:

புகார்: ரப்பர் எரியும் நாற்றம்.
செய்த வேலை: வெங்காயம் கழற்றப்பட்டது.
நிலை: ஓடவில்லை.

விழுந்து விழுந்து சிரித்தேன். நான்காவது படிவத்தில் "நிலை: இரண்டு கரண்டி" என்று இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. அன்று மாலையே அவரிடம் கேட்டேன்.

"எழுதிக்கோ" என்றார். "ஆனா என்னை ரொம்ப நல்லவனா ஆக்கிடாதே. உங்க அக்கா அதைப் படிச்சுட்டு, இவர் யாரு, நம்ம வீட்ல பார்த்ததே இல்லையேன்னு கேட்பா."

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை தூறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வாழ்க்கையில் முதல்முறையாக"

அன்று மழை இல்லை. நிறுத்திவிட்டேன்.

அடுத்து: "சுவை என்பது நினைவின் இன்னொரு"

இன்னொரு என்ன? அது தெரியாமலேதான் எழுத உட்கார்ந்திருந்தேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்த அக்கா மகள், "சித்தி, இதுல சிக்கன் எப்ப வரும்?" என்றாள். பதினோரு வயது. வீட்டில் அவளுக்கு நீதிபதி என்று பெயர். தீர்ப்புச் சொல்லாமல் ஒரு வாய்கூட விழுங்க மாட்டாள்.

சரி. சிக்கனுக்கு வருகிறேன்.*

* சிக்கன் சாலட் என்பதை "கோழிக் கலவை" என்று எழுதிப் பார்த்தேன். கொத்தனார் வந்து கரண்டியை எடுப்பது போலிருந்தது. விட்டுவிட்டேன்.

3

போன வருடக் கடைசியில் அக்காவுக்கு ஒரு வாரம் காய்ச்சல். காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் எதுவுமே மணக்கவில்லை. அதற்கு அடுத்த மாதம் அதைவிட மோசம். மணங்கள் திரும்பி வந்தன, ஆனால் வேஷம் மாறி வந்தன. காப்பி, குப்பைத் தொட்டியாக நாறியது. வெங்காயம் வதக்கினால் ரப்பர் எரிந்தது. தன் மகள் தலையில் தேய்க்கும் எண்ணெயின் வாசனையைக்கூட அவளால் தாங்க முடியவில்லை. அதைத்தான் யாரிடமும் சொல்லாமல் ரொம்ப நாள் வைத்திருந்தாள்.

தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை அவளுக்கு. பகலெல்லாம் சிரித்த முகத்தோடு முத்திரை குத்திவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்ததும் துணி மடிக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஆறிப்போன ரொட்டியும் வெள்ளரித் துண்டும் தின்பாள். அவள் மேஜைக்கு வராததால் மற்றவர்களும் வருவதை விட்டார்கள். மகன் கல்லூரியிலிருந்து நேராக ஜிம்முக்குப் போய், நின்றுகொண்டே சாப்பிட்டான். நீதிபதி தட்டை எடுத்துக்கொண்டு கீழே என்னிடம் வந்தாள். அத்தான் தனியாக மேஜையில் உட்கார்ந்து, எதிர் நாற்காலியைப் பார்க்காமல் சாப்பிட்டுப் பழகிக்கொண்டிருந்தார்.

லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் அத்தானைத்தான் கூப்பிடுவார்கள். கருவிப் பையைத் திறப்பதற்கு முன்னால் கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசுவார். "நான் இங்கதான் நிக்கறேன். கதவைத் தள்ளாதீங்க. காலைல என்ன சாப்பிட்டீங்க?" அழுதுகொண்டிருப்பவர்கள்கூடப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட மனிதர் தன் வீட்டு அறைக் கதவுக்கு வெளியே தட்டோடு நிற்பார். ஒரு வார்த்தை வராது. என்ன சாப்பிட்டாய் என்ற கேள்வியை அந்த வீட்டில் கேட்க முடியாமல் போயிருந்தது.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். அத்தான் ரொம்ப நல்லவராக வருகிறாரே? மனைவிக்காக உருகுகிற கணவர் என்று ஒருவரைக் காகிதத்தில் செய்துவிட்டேனோ? அதுவரை எழுதியதை அவரிடமே கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"அது எங்க?"

"எது அத்தான்?"

"நான் கத்தினது."

"வேணாம்னு விட்டுட்டேன்."

"போடு. கத்தினவன்தான் அப்புறம் கத்தியைப் பிடிச்சான். அதை விட்டுட்டா மீதி எல்லாம் பொய்."

4 (திருத்தியது)

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அத்தான் கடையில் பொரித்த கோழி வாங்கி வந்தார். எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். அத்தான் மேஜையில் அடித்தார்.

"எல்லாம் உன் மனசுலதான் இருக்கு! எங்க நாலு பேருக்கும் மணக்குது, உனக்கு மட்டும் நாறுதா?"

அக்கா தன் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துப் போய்க் கழுவினாள். துடைத்தாள். அலமாரியில் அதன் இடத்தில் வைத்தாள். அறைக்குள் போனாள். நான்கு நாள் பேசவில்லை.

நான் அங்கேதான் இருந்தேன். ஒரு கோழித் துண்டு என் வாயில் இருந்தது. அதை மென்று முடித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அத்தான் மட்டும் ஏன் உண்மையாக இருக்க வேண்டும்?

5

ஐந்தாம் நாள் அவர் வேலைக்கு விடுப்புப் போட்டு, அக்காவைப் பார்த்துவந்த மருத்துவரிடம் தனியாகப் போனார். மருத்துவர் சொன்னது இவ்வளவுதான்: மூக்கு மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும், நாளாகும். மனசு சம்பந்தப்பட்டது இல்லை. சூட்டில்தான் நெடி கிளம்பும், குளிர்ச்சியாகக் கொடுத்துப் பாருங்கள்.

மனசு சம்பந்தப்பட்டது இல்லை என்ற வாக்கியத்தை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாராம்.

குளிர்ச்சியாகச் சாப்பிடக்கூடிய, எல்லோரும் ஒரே கிண்ணத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று. சிக்கன் சாலட் என்று முடிவு செய்தார். அதுவரை அவருக்கு அடுப்படியில் தெரிந்த ஒரே வேலை, பல்பு மாற்றுவது.

முதல் முயற்சியின் படிவத்தைத்தான் மேலே படித்தீர்கள். கோழியை வேகவைத்துச் சூடாகவே பிய்த்து, வெங்காயமும் உலர்திராட்சையும் கடை மயோனைஸும் போட்டிருந்தார். மகன், "இதுல கறி எங்கப்பா?" என்றான். நீதிபதி ஒவ்வொரு துண்டாகத் தட்டின் ஓரத்தில் வரிசைப்படுத்தி, "இது யாரு? இது யாரு?" என்று விசாரித்தாள். நான் உலர்திராட்சையை ஒதுக்கினேன். அறைக்குள் போன தட்டு அப்படியே திரும்பி வந்தது.

இரண்டாவதில் வெங்காயம் போனது. மயோனைஸில் இருந்த முட்டை நாறியது, அதனால் மூன்றாவதில் அதுவும் போனது. அதற்குப் பதில் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக் கெட்டியாக்கிச் சேர்த்தார். ஒரு தடவைக்கு ஒன்றுதான் மாற்றுவார். "ரெண்டை மாத்தினா எது பழுதுன்னு தெரியாம போயிடும்" என்பார். நான்காவதில், முந்தின நாளே வேகவைத்து, தோலும் கொழுப்பும் எடுத்து, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்த கோழி.

அந்தத் தட்டு திரும்பி வந்தபோது அதில் இரண்டு கரண்டி குறைந்திருந்தது. எப்படித் தெரியும் என்றால், உள்ளே அனுப்புமுன் கரண்டியின் முதுகால் மேற்பரப்பைச் சமமாகத் தடவிவைத்திருந்தார். இரண்டு பள்ளங்கள் இருந்தன. அவற்றை எனக்குக் காட்டுவதற்காகத் தட்டை எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி வந்தார்.

6

[ஏழாவது முயற்சி வரை நடந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டு அடித்துவிட்டேன். கடுகு விழுது பற்றிய பத்தி உங்களுக்கு நஷ்டமில்லை.]

ஏழாவது முயற்சியன்று அத்தான் செலரித் தண்டை வெட்டிக்கொண்டிருந்தார். கேபிள் வெட்டுவது மாதிரி ஒவ்வொன்றாக, பலகை அதிர. அறைக் கதவு திறந்தது.

"இப்படியா வெட்டுவாங்க?" என்றாள் அக்கா.

"எப்படி வெட்டணும்?"

அவள் கத்தியை வாங்கினாள். சின்னச் சின்னப் பிறைகளாக நறுக்கினாள். ஒன்றை வாயில் போட்டுக் கடித்தாள். அவர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அப்படிப் பார்க்கறீங்க? ஒண்ணும் தெரியலை. ஆனா சத்தம் நல்லாயிருக்கு" என்றாள். இன்னொன்றைக் கடித்தாள். "மணம்தான் போச்சுங்க. பல்லு இருக்கே. எனக்கு எதையாவது கடிக்கக் கொடுங்களேன்."

"கத்தினது தப்பு" என்றார் அத்தான்.

"தெரியும். அந்த ஆப்பிளை எடுங்க."

(அவர் மன்னிப்புக் கேட்ட இடத்தில் நான் முதலில் பத்து வரி எழுதியிருந்தேன். அவள் சொன்னதை அப்படியே போட்டபோது என் பத்து வரியும் தானாக எழுந்து போய்விட்டன.)

அதற்குப் பிறகு கடிபடுகிற சாமான்களாகச் சேர்ந்தன: பச்சை ஆப்பிள், வால்நட், செலரி. உடனே வழக்கு வந்தது. வால்நட் கசக்கிறது என்று நீதிபதி தள்ளுபடி செய்தாள். கறியோடு பழமா என்று மகன் முகம் சுளித்தான். உலர்திராட்சை விஷயத்தில் நான் இறங்கி வருவதாக இல்லை.

அத்தான் யோசித்துவிட்டுச் சொன்னார்: "லிஃப்ட்ல அஞ்சு பேர் ஏறினா அஞ்சு பேரும் ஒரே மாடிலயா இறங்கறாங்க?"

அப்படித்தான் அது அமைந்தது. நடுவில் ஒரு பெரிய கிண்ணம். அதில் குளிர்ந்த கோழி, கெட்டித் தயிர், செலரி, கொஞ்சம் மிளகுத்தூள். சுற்றிலும் சின்னக் கிண்ணங்கள்: ஆப்பிள், வால்நட், உலர்திராட்சை, மகனுக்குத் தனியாகப் பெரிய கோழித் துண்டுகள். எடுப்பது ஒரே இடத்தில், முடிப்பது அவரவர் விருப்பம்.

7

பதினோராவது முயற்சி. ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்கா வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு.

யாரும் அவளைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் யாரும் பார்க்கவில்லை. மகன் தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்ததை ஊன்றிப் படித்தான். நீதிபதி தன் தீர்ப்பை ஒத்திவைத்திருந்தாள். அத்தான் மேஜை விரிப்பில் இல்லாத ஒரு சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

அக்கா ஒரு கரண்டி எடுத்தாள். மென்றாள். நிறுத்தினாள். கண்ணை மூடினாள்.

"எலுமிச்சை" என்றாள்.

அத்தான் பாதி எழுந்து அப்படியே நின்றார். முதல் பத்து முயற்சியிலும் எலுமிச்சை கிடையாது. அன்று காலைதான், யாரிடமும் சொல்லாமல், படிவத்தில்கூட எழுதாமல், அரை மூடி பிழிந்திருந்தார்.

"எலுமிச்சையா?" என்றார். "நெசமாவா?"

"புளிக்குது. மணமும் வர்ற மாதிரி இருக்கு."

நீதிபதி கைதட்டினாள். மகன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். நான் அழுதேன், அழுதுகொண்டே திரும்பியபோதுதான் பார்த்தேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், பிழிந்த எலுமிச்சை மூடி மல்லாந்து கிடந்தது. அக்காவின் நாற்காலியிலிருந்து நேர்ப்பார்வையில்.

அத்தானும் அதைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். தண்ணீர் எடுக்கப் போவதுபோலப் போய், மூடியை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

8

முடிவு அ: அவளுக்கு மணம் தெரிந்தது. ஏழு மாதத்தில் முதல் மணம் எலுமிச்சை.

முடிவு ஆ: அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூடியைப் பார்த்தாள். பதினோரு தடவை முயன்ற மனிதருக்குக் கொடுக்க அவளிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

முடிவு இ: புளிப்பு நாக்கில் பட்டது உண்மை. மணத்தைச் சேர்த்தது

இதை முடிக்க என்னால் முடியவில்லை. மேலே எழுதியதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள். கத்தின இடத்தில் உதட்டைக் கடித்தாள். கடைசிக்கு வந்ததும், "அப்புறம்?" என்றாள்.

"நீதான் சொல்லணும். எதுதான் உண்மை அக்கா?"

"அவர் கேட்டாரா?"

"இல்லை."

"கட்டின புருஷனே கேட்கலை. நீ ஏன்டி கேட்கறே?"

காகிதத்தை மடித்து என் கையில் வைத்துவிட்டு முத்திரை குத்தப் போய்விட்டாள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தவை இவ்வளவுதான்: ஞாயிறுதோறும் ஐந்து பேரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். துணி மடிக்கிற அறையில் இப்போது துணி மட்டும்தான் மடிக்கப்படுகிறது. காப்பி இன்னும் நாறுகிறது என்கிறாள்.

மற்றதை உங்களிடம் விடுகிறேன். உங்கள் வீட்டில் யார், எதற்காக, எவ்வளவு அழகாகப் பொய் சொல்வார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்; அதை வைத்து முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்றே ஒன்று. எந்த முடிவை எடுத்தாலும் மூன்றாவது மாடிக்கு ஏறிப்போய்ச் சொல்லிவிடாதீர்கள். அவர் பன்னிரண்டாவதற்குக் கோழி வேகவைத்துக்கொண்டிருக்கிறார்.