இடது கெண்டைக்கால்

சிக்னலில் சிவப்பு விழுந்தது. நெட்டை டிரைவர் கிளட்ச்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் காலை எடுத்தார். எடுத்த கால் சும்மா இருக்கவில்லை. பேன்டுக்குள்ளே கெண்டைக்கால் சதை, புழு நெளிகிற மாதிரி துடித்தது. பச்சை விழுகிறவரைக்கும் துடித்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று மாதமாக இதே கதைதான்.

காலையில் பஸ்ஸை எடுக்கும்போது கிளட்ச்சுக்குக் கீழே மடித்த சாக்குத் துண்டு ஒன்று கிடக்கும். மதிய ஷிப்ட் மீசைக்காரர் விட்டுப்போகிற குப்பை என்று, தினமும் அதை எடுத்துச் சீட்டுக்குப் பின்னால் எறிவார். இன்றைக்கும் எறிந்திருந்தார்.

அவருடைய மச்சினன் வெல்டராக இருந்தவன். அவனுக்கும் முதலில் கையில் இப்படித்தான் துடித்தது. சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் வெல்டிங் ராடு கையைவிட்டு நழுவியது. நரம்பு சாகிற நோய், மருந்து கிடையாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போய்ச் சேர்ந்தான். அவனைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தவர் நெட்டையார்தான். அந்த எடையில்லாத உடம்பு இன்னும் அவர் கைக்குத் தெரியும்.

அதனால் வீட்டில் மூச்சு விடவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நுனிக்காலில் நிற்பார், குதிகாலில் நிற்பார். இன்றைக்கும் நிற்க முடிகிறதா என்று பார்ப்பார்.

"உள்ள என்னங்க, டான்ஸா பழகுறீங்க? வாளி உருளுது!"

"சோப்பு வழுக்குச்சுடி."

அன்று சாயங்காலம் அவர் கண் அசந்திருந்தபோது மனைவி பார்த்துவிட்டாள். கத்தவில்லை. துடிக்கிற சதைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அவர் விழிக்கிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என் தம்பிக்குப் பக்கத்துல நின்ன மாதிரி இன்னொரு தடவ என்னால நிக்க முடியாது. நாளைக்கு லீவு போடுங்க."

டாக்டரம்மா சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டினாள். அவள் கையை எதிர்த்துப் பாதத்தால் தள்ளச் சொன்னாள். ஊசி குத்தி, கம்பி இழுத்த மெஷினில் நரம்பைப் பார்த்தாள்.

"பலம் குறையல, சதை சூம்பல. அந்த நோய் இல்ல, நிம்மதியா இருங்க. இந்தக் கால வெச்சு என்ன வேல பாக்குறீங்க?"

"பஸ் ஓட்டுறேம்மா. கிளட்ச்சு கல்லு மாதிரி. நாளெல்லாம் மிதிக்கணும்."

"அதான். ஒரு மாசம் மிதிக்காதீங்க. எழுதித் தர்றேன்."

வெளியே வந்து சொன்னதும் அவர் மனைவி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, "இனிமே குளிக்கப் போனா குளிங்க" என்றாள்.

மறுநாள் காலை டிப்போ கிளார்க் டாக்டரம்மா எழுதித் தந்த சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"கிளட்ச்சு மிதிக்காத டிரைவருக்கு இங்க என்னண்ணே வேல? உள்ள குடுத்தா 'உடல் தகுதி இல்ல'ன்னு எழுதிடுவாங்க. குடுக்கட்டா?"

நெட்டையார் கையை நீட்டினார். சீட்டு திரும்பவும் சட்டைப் பைக்கே வந்தது.

மதியம் வண்டி மாற்றும்போது மீசைக்காரர் ஏறி உட்கார்ந்து, முதல் வேலையாகச் சீட்டுக்குப் பின்னால் துழாவினார்.

"அந்தச் சாக்கு எதுக்குண்ணே?"

"குதிகாலுக்கு முட்டுக் குடுக்கத்தான்." மீசைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஆறு மாசமா கால் துடிக்குது தம்பி. வீட்டுலகூடச் சொல்லல. உன் மச்சினனுக்கு வந்துச்சே, அதுதான்னு நினைக்கிறேன்."

"எந்தக் கால்?"

"இடது."

நெட்டையார் படியில் நின்றபடியே தன் இடது பேன்டை முட்டிவரை சுருட்டினார். மீசைக்காரர் குனிந்து பார்த்தார். தன்னுடையதையும் சுருட்டினார். இரண்டு கெண்டைக்காலும் துடித்தன.

"உனக்குமா?"

"நோய் இல்லண்ணே. டாக்டரம்மா நல்லாப் பாத்துட்டாங்க. எனக்கு இந்தக் கிளட்ச்சாலதானாம். நீங்களும் ஒரு தடவ காட்டிடுங்க."

மீசைக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"பாவி, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? சாகப் போறோம்னு ஒளிச்சு வெச்ச காசையெல்லாம் எடுத்துப் பொண்டாட்டிகிட்ட ஒப்படைச்சிட்டேனே!"

ஜன்னலோரம் கயிற்றில் புகார் நோட்டு தொங்கியது. நெட்டையார் அதைப் பிரித்தார். 'கிளட்ச் கடினம்.' காலையில் அவர் கையெழுத்து, சாயங்காலம் மீசைக்காரர் கையெழுத்து, பக்கம் பக்கமாக அதேதான். ஒவ்வொன்றுக்கும் எதிரே சிவப்பு மையில் 'பார்க்கப்பட்டது'. கடைசி வரிக்குக் கீழே அவர் இன்னொரு தடவை எழுதினார்.

கண்டக்டர் விசிலடித்தார். நெட்டையார் சாக்குத் துண்டை எடுத்து உதறி, நாலாக மடித்து, மீசைக்காரரின் குதிகாலுக்கு அடியில் சரியாக வைத்துவிட்டு இறங்கினார். மீசைக்காரர் இரண்டு கையாலும் தன் இடது முட்டியை அமுக்கிக் கிளட்ச்சை மிதித்தார்.