சும்மாட்டு வழுக்கை

வள்ளிக்கண்ணுவின் உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. கல்யாண வயதில் நிற்கிற பெண்ணுக்கு இது பெரிய குறை என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். அந்தக் குறை எப்படி வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பாவாடை சட்டை போட்ட வயதில் சித்தாள் வேலைக்குப் போனவள் அவள். துணியை வளையமாகச் சுருட்டிச் சும்மாடு வைத்து, அதன்மேல் சாந்துச் சட்டியை ஏற்றிக்கொண்டு சாரம் சாரமாக ஏறி இறங்கினாள். இத்தனை வருடம் ஒரே இடத்தில் சட்டி உட்கார்ந்தால் கல் பாவிய தரையே தேய்ந்துவிடும், தோல் எம்மாத்திரம்.

அவள் அதைப் பெரிதாக நினைத்தவள் இல்லை. பக்கத்து முடியை இழுத்து வாரி, சவரி முடி வைத்துப் பின்னினால் மறைந்துவிடும். ஆனால் இப்போது மறைக்க முடியாத நேரம் வந்துவிட்டது. லாரி டிரைவர் முத்துக்கருப்பனுக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. கோவிலில் வைத்துத் தூரத்திலிருந்து பார்த்த மாப்பிள்ளை சரி என்று சொல்லிவிட்டான். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. மிச்சம் பூ வைப்பதுதான். அந்த வகையறாவில் பூ வைக்க வருகிற பெண்கள், முதலில் பெண்ணின் பின்னலை அவிழ்த்து விரலால் கோதிப் பார்ப்பார்கள். சவரி இருந்தால் கையோடு வந்துவிடும். ஆவணி பிறந்ததும் முதல் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"ஆடி முடியிறதுக்குள்ள முளைக்க வச்சிரணும்" என்றான் அண்ணன் மருது.

மருது காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் குழாய் கழுவுகிற வேலையில் இருந்தான். சட்டைப்பையில் பேனா இல்லாமல் வெளியே போக மாட்டான். தெருவில் அவனை டாக்டரே என்று கூப்பிடுவார்கள். அது கேலி என்பது அவனுக்கு மட்டும் தெரியாது.

"எங்க எடத்துல ஒரு மிசினு இருக்கு, ஆத்தா. ரத்தத்தக் குழாய்ல ஊத்திச் சுத்தவிட்டா சிவப்பு அடியில போயிரும். மேல மஞ்சத் தண்ணியா நிக்கும். அம்புட்டுச் சத்தும் அதுலதான். வெளிநாட்டுல ஆறாத புண்ணுக்கு அதத்தான் தடவுறாகன்னு எங்க மொதலாளி பேசிக்கிட்டிருந்தாரு. புண்ணையே ஆத்துற தண்ணி மசுர முளைக்க வைக்காதா?"

ஆத்தா வாயைப் பிளந்து கேட்டாள். வள்ளிக்கண்ணு மட்டும் கேட்டாள்: "சட்டி தூக்குறத விட்டா தானா முளைக்காதாண்ணே?"

"வேலைய விட்டுட்டுக் கல்யாணச் செலவுக்கு என்ன செய்யிறது? பேசாம உக்காரு."

அவன் சம்பளம் அவன் சட்டைக்கும் பேனாவுக்குமே சரியாகப் போகிறது என்பதை அவள் வாய்வரை கொண்டுவந்து விழுங்கினாள். மாப்பிள்ளை முகம் மனதில் இருந்தது. முளைத்தாலும் முளைக்கும் என்று ஒரு ஆசையும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை ஆரம்பமானது. அவள் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தான். வீட்டில் மிசினுக்கு எங்கே போவது? சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின்சக்கரக் கம்பியில் குழாயைச் சணலால் கட்டி, மிதிகட்டையைக் கையால் சுற்றினான். முதல் குழாய் சணலை அறுத்துக்கொண்டு பறந்து சுவரில் மோதி உடைந்தது. தினசரிக் காலண்டர் முழுக்கத் தங்கச்சி ரத்தம்.

"ஏண்டா, ஆடு அறுத்த எடம் மாதிரி ஆக்கிப்புட்டியே" என்றாள் ஆத்தா.

"இப்பத்தான் பிடிபட்டிருக்கு, ஆத்தா. இன்னொரு தடவை எடுத்தாச் சரியாயிரும்."

இன்னொரு தடவை எடுத்தான். அவனுக்கென்ன, கை அவள் கை. இந்தத் தடவை இரட்டைச் சணல். தோள் வலிக்கச் சுற்றிவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, மேலே வெளிறிய மஞ்சளில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. மூவரும் சாமி பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பிறகு அவள் தலையைக் குனியவைத்து வழுக்கை முழுக்க ஊசியால் பொத்துப் பொத்தென்று குத்தி, அந்தத் தண்ணீரைத் தேய்த்துவிட்டான். அவள் ஆத்தாவின் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளைக்குத் தலையில தண்ணி படக்கூடாது. சத்து எறங்கணும்."

"நாளைக்கு வேலைக்குப் போகவாண்ணே?"

"போயேன். வேலைக்கும் தலைக்கும் என்ன?"

தலையால் வேலை செய்கிறவளைப் பார்த்து அவன் இதைச் சொன்னான். ஆத்தாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் நேமத்தான்பட்டியில் ஒரு பழைய பெரிய வீட்டின் பின்கட்டுச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்த சாந்து, சட்டி விளிம்பில் தளும்பி வழியும். என்றைக்கும் வழிவதுதான். சும்மாட்டுத் துணி குடித்துக்கொள்ளும், அவளும் கண்டுகொள்ள மாட்டாள். அன்றைக்குத் துணி குடித்ததெல்லாம் ஊசி குத்திய ஓட்டைகளில் இறங்கியது. முதலில் எறும்பு கடிப்பதுபோல இருந்தது. சத்து இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். பிறகு நெருப்புக் கங்கை உச்சியில் வைத்ததுபோல எரிந்தது. தண்ணீர் படக்கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தானே, அதனால் தொட்டிப் பக்கம் போகாமலே பல்லைக் கடித்துச் சுமந்தாள். உச்சிவெயிலில் கண் இருட்டி, சட்டியைப் பாதி ஏணியில் போட்டுவிட்டாள்.

மேஸ்திரி மீனாட்சிசுந்தரம் ஓடி வந்து சும்மாட்டை எடுத்தார். துணியோடு தோல் உரிந்து வந்தது. குடம் குடமாகத் தண்ணீரைத் தலையில் ஊற்றச் சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"பச்சைப் புண்ணுல சுண்ணாம்பு படலாமா, தாயி? நீ என்ன வேலை பாக்குறன்னு ஒங்க அண்ணனுக்குத் தெரியாதா?"

"என் சம்பளம் தெரியும்" என்றாள் வள்ளிக்கண்ணு.

ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுற்றி இருந்த முடியையும் மழித்துவிட்டுக் கட்டுப் போட்டார்கள். இருந்த வழுக்கை இரண்டு மடங்காகிவிட்டது. வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து மருது யோசனையோடு பேனாவைத் தட்டினான்.

"ஒன் ரத்தத்துல சத்துப் பத்தல. கட்டுப் பிரிச்சதும் ஆத்தா ரத்தத்த எடுத்துச் சுத்திப் பாப்போம்."

"ஏண்ணே, ஒனக்கும் நெத்தி மேல ஏறிக்கிட்டே போகுதே. மொதல்ல ஏன் ஒன் தலையில குத்திப் பாக்கல?"

"ஆம்பளைக்கு எதுக்கு?"

அவன் யோசித்துச் சொல்லவில்லை, மழை பெய்தால் நனையும் என்பதுபோலச் சொன்னான். அவளுக்குள் எரிந்தது சுண்ணாம்பைவிட அதிகமாக எரிந்தது. எழுந்துபோய்ச் சக்கரக் கம்பியில் தொங்கிய சணலை அறுத்து அடுப்பில் போட்டாள்.

"இனிமே என் தலைய ஒருத்தரும் தொடக்கூடாது."

ஆவணி வெள்ளியன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். புண் காய்ந்து பொருக்கு விட்டிருந்தது. ஆத்தா சவரியை எடுத்துவந்து, "இறுக்கிக் கட்டிக்கடி, தலைவலின்னு சொல்லி அவுக்க விடாமப் பாத்துக்கிறேன்" என்று கெஞ்சினாள். வள்ளிக்கண்ணு வாங்கவில்லை. பக்கத்து முடியை மட்டும் மேலே இழுத்து வாரிப் பின்னிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் தாய் அழகி நடுவில் உட்கார்ந்தாள். தேங்காய்க் கனத்துக்குக் கொண்டை, அதில் கொண்டை ஊசிகள். வாய் நிறைய வெற்றிலை. "செங்கச் சூளையில கல்லு சொமந்து மகன ஆளாக்குனவ நான். கஷ்டம் தெரியாதவ இல்ல. பகட்டு வேணாம், பிள்ள லட்சணமா இருந்தாப் போதும்" என்றாள். பிறகு பின்னலுக்குக் கையை நீட்டினாள்.

"நீங்க ஏன் சிரமப்படுறீக, அயித்த" என்று வள்ளிக்கண்ணு தானே அவிழ்த்துத் தலையைக் குனிந்து காட்டினாள்.

யாரோ ஒருத்தி "ஆத்தாடி" என்றாள். அழகி கையை இழுத்துக்கொண்டாள். "என்ன சீக்கு இது?"

"சீக்கு இல்ல அயித்த, சும்மாடு. பாக்கி எங்கண்ணன் வைத்தியம்."

"இதச் சொல்லாம எங்கள வரச் சொன்னீகளா? நாலு பேரு மூஞ்சியில நான் எப்பிடி முழிக்கிறது? என் மகனுக்கு என்ன தலையெழுத்தா?"

ஆத்தா அழ ஆரம்பித்தாள். மருது வாசல் பக்கம் நகர்ந்தான். வள்ளிக்கண்ணு முடியை முடிந்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்களும் கல்லு சொமந்தவுகதான, அயித்த. ஒங்க கொண்டையையும் ஒருக்கா அவுத்துக் காட்டுங்க. அதுக்குள்ள சவரி இல்லேன்னா நீங்க சொல்றது எல்லாம் நியாயம்."

அழகியின் கை தன்னை அறியாமல் கொண்டைக்குப் போய் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது. கூட வந்த பெண்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள். வெற்றிலை மெல்லுவது நின்றது. அந்த முகத்தில் கோபம் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. அதைக் காட்டாமல், "எந்திரிங்கடி, போவோம்" என்று பூத்தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் இறங்கினாள். படியில் இறங்கும்போதும் கொண்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இனி எவன் வருவான் ஒன்னையக் கட்ட?" என்று மருது கத்தினான்.

"வாரவன் அவுக ஆத்தாளையும் கொண்டைய அவுத்துட்டுக் கூட்டியாரட்டும். சேந்து உக்காந்து பேசுவோம்."

அன்று ராத்திரி அவளும் அழுதாள். முத்துக்கருப்பனுக்காக அழுதாளா, தனக்காக அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவிழ்த்துக் காட்டியதற்காக அழவில்லை.

திங்கட்கிழமை டவுன் பஸ் ஏறி வேலைக்குப் போனாள். சாரத்தடியில் நிறைந்த சட்டி காத்திருந்தது. பழைய சும்மாட்டுத் துணி தொட்டி ஓரம் சுண்ணாம்பு காய்ந்து விறைத்துக் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"இனிமே தலையில ஏத்த மாட்டேன், மேஸ்திரி. வரிசையா நிப்போம். கைக்குக் கை மாத்தி மேல அனுப்புவோம்."

மற்றச் சித்தாள்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி மெல்லத் தன் உச்சந்தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏணியின் முதல் படியில் போய் நின்றாள். அடுத்தவள் அதற்கு மேல்படியில்.

"நேரம் பிடிக்குமேத்தா" என்றார் மீனாட்சிசுந்தரம்.

"பிடிக்கட்டும்" என்று சொல்லி, சட்டியைக் கையில் தூக்கிக் கொடுத்தாள் வள்ளிக்கண்ணு.